எல்லாருக்கும் ஒரே ஃபோன் நம்பர்

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் டிசைன் பண்ணின முதல் டேட்டாபேஸ் டேபிள்லயே ஒரு கூத்து நடந்துச்சு. பேர், முகவரி, ஃபோன் நம்பர்னு அஞ்சாறு காலம், அதாவது நெட்டுக் கட்டம். ஃபோன் நம்பரும் நம்பர்தானேன்னு அதுக்கு இன்ட்னு, அதாவது முழு எண்ணுன்னு டைப் குடுத்துட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு சப்போர்ட் டீம்ல இருந்து ஒருத்தர் வந்து "என்னங்க இது, பாதிக்கு மேல ஒரே நம்பரா காட்டுது, எல்லாரும் ஒரே வீட்லயா குடியிருக்காங்க?"ன்னு கேட்டார். திறந்து பார்த்தா மேல இருந்து கீழ வரைக்கும் 2147483647, 2147483647, 2147483647. வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

நடந்தது இதுதான். அந்த டேட்டாபேஸ் அப்ப இருந்த செட்டிங்ல, கட்டத்துல கொள்ளாத எண் வந்தா எரர் அடிக்காது, தன்னால பிடிக்க முடிஞ்ச பெரிய எண் எதுவோ அதை எழுதிட்டு கம்முனு இருந்துடும். பத்து இலக்க நம்பர் 9ல ஆரம்பிச்சாலும் சரி 8ல ஆரம்பிச்சாலும் சரி, எல்லாம் ஒரே சுவத்துல போய் முட்டி 2147483647ன்னு நின்னுடுச்சு. அசல் நம்பர் எதுவும் மிச்சமில்ல. பேப்பர் ஃபார்மை எல்லாம் எடுத்து வச்சு திரும்ப டைப் பண்ணோம், மூணு நாள், நான்தான் பாதி டைப் பண்ணேன், யாரும் திட்டலைங்கிறதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. (இதைப் படிக்கிற ஜூனியர் யாராவது இருந்தா: ஃபோன் நம்பர் எண் இல்ல, எழுத்து. அதை யாரும் கூட்டவும் மாட்டாங்க, பெருக்கவும் மாட்டாங்க.)

இருநூத்திப் பதினாலு கோடியே எழுபத்தி நாலு லட்சத்து எண்பத்தி மூணாயிரத்து அறுநூத்தி நாப்பத்தி ஏழு. அந்த மூணு நாள்ல இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இன்ட்டுக்கு 32 பிட் இடம், பிட்டுன்னா 0 இல்லன்னா 1 நிக்கிற ஒரு கட்டம். அந்த 32ல ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸான்னு சொல்றதுக்குப் போயிடும், மீதி 31 பிட், அது 31லயும் ஒண்ணு ஒண்ணா நிரப்பினா வர்ற எண். அதாவது 2^31ல (2ஐ 31 தடவை போட்டுப் பெருக்கினது) ஒண்ணு கம்மி. இதுக்கு மேல ஒண்ணு கூட்டினீங்கன்னா பல மெஷின்ல நேரா -2147483648க்கு குதிச்சுடும். 2014 டிசம்பர்ல ஒரு கொரியப் பாட்டு வீடியோவோட வியூஸ் இந்த எண்ணைத் தாண்டுதுன்னு யூட்யூப்ல கவுன்ட்டரையே 64 பிட்டுக்கு மாத்தினதா சொன்னாங்க. 1970 ஜனவரி 1ல இருந்து நொடி நொடியா எண்ணிட்டு வர்ற பழைய யூனிக்ஸ் கடிகாரம் 2038 ஜனவரி 19, உலக நேரப்படி 03:14:07க்கு இதே எண்ணைத் தொடும், இன்னும் 32 பிட்லயே இருக்கிற சிஸ்டம் எல்லாம் அடுத்த நொடி 1901க்குப் போயிடும். இதெல்லாம் எங்க தொழில்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, விட்டுடலாம்.

எனக்குத் தெரியாம இருந்த கதை வேற. இந்த எண் பகா எண். ப்ரைம். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. பத்து வருஷம் எரர் லாக்ல பார்த்துப் பார்த்து சலிச்ச மூஞ்சி, அது ஒரு காலத்துல உலகத்துக்குத் தெரிஞ்சதுலயே பெரிய பகா எண்ணா இருந்துச்சுன்னு தெரிஞ்சப்ப, எதிர்வீட்டு அமைதியான தாத்தா பழைய ஒலிம்பிக் ஓட்டக்காரர்னு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

முதல்ல நான் நினைச்சது, கம்ப்யூட்டர் செஞ்சவங்க வேணும்னே பகா எண்ணாப் பார்த்து எல்லை வச்சாங்களோன்னு. அப்படியெல்லாம் இல்ல, சும்மா அமைஞ்சது. 8 பிட்டுக்கு எல்லை 127, அது பகா எண். 16 பிட்டுக்கு 32767, அது 7 × 31 × 151, உடைஞ்சுடும். 32 பிட்டுக்கு நம்ம ஆளு. 64 பிட்டோட எல்லை 2^63 - 1, அதை 7ஆலயே வகுக்கலாம், 127ஆலயும் வகுக்கலாம். 128 பிட்டுன்னு வச்சா 2^127 - 1, அது மறுபடி பகா எண். காரணம் மேல இருக்கிற அடுக்குல இருக்கு: 15, 63 ரெண்டும் பகு எண், 7, 31, 127 மூணும் பகா எண். அடுக்கு உடைஞ்சா மொத்த எண்ணும் கட்டாயம் உடையும். 63ல 7 இருக்கிறதால 2^63 - 1ல 2^7 - 1 ஒளிஞ்சிருக்கும். ஆனா இது ஒருவழிப் பாதை, அடுக்கு பகா எண்ணா இருந்தா மட்டும் போதாது. 11 பகா எண், 2^11 - 1 = 2047 = 23 × 89. இங்கதான் ஆளாளுக்கு வழுக்கி விழுந்திருக்காங்க.

இத்தாலியில கட்டால்டின்னு ஒருத்தர் 1588ல 2^17 - 1, 2^19 - 1 ரெண்டும் பகா எண்ணுன்னு ஒவ்வொரு பகா எண்ணாப் போட்டு வகுத்து வகுத்து காட்டினார். 131071, 524287. அதோட நிறுத்தியிருக்கலாம், 23, 29, 31, 37 அடுக்குக்கும் அப்படித்தான்னு சொல்லிட்டார். அதுல 31 மட்டும்தான் தேறுச்சு. 23, 37 அடுக்குல வர்ற எண் ரெண்டையும் ஃபெர்மாங்கிற கணிதர் 1640ல உடைச்சுட்டார், முதலாவதை 47 வகுக்கும், ரெண்டாவதை 223 வகுக்கும். 29 அடுக்குல வர்றதை ஆய்லர்ங்கிற கணிதர் உடைச்சார், 233 × 1103 × 2089. 1644ல மெர்சென்ங்கிற பாதிரியார் 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்கு பகா எண் வரும்னு ஒரு பட்டியல் போட்டார், அதுலயும் 67, 257 ரெண்டும் தப்பு, 61, 89, 107 மூணும் விட்டுப்போச்சு. இருந்தாலும் இந்த வகை எண்ணுக்கே இன்னைக்கு வரைக்கும் அவர் பேர்தான். பேர் கிடைக்க எல்லாமே சரியா இருக்கணும்னு இல்ல போல. அந்தப் பட்டியல்ல 31 இருந்துச்சு, சரியாவும் இருந்துச்சு, ஆனா சொன்னது வேற, நிரூபிச்சது வேற.

நிரூபிச்சது லியோனார்ட் ஆய்லர், 1772. அப்ப அவருக்கு 65 வயசு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்தார், கண்ணு கிட்டத்தட்ட முழுசாவே போயிடுச்சு. பெர்னூலி குடும்பத்துல ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல போற போக்குல சொல்றார், 2^31 - 1 பகா எண், 46339 வரைக்கும் பார்த்துட்டேன்னு. கால்குலேட்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எப்படிய்யா இது முடியும்னு நான் ஒரு வாரம் இதே நினைப்பா அலைஞ்சேன்.

சாதாரணமா எப்படிப் பார்ப்போம்? ஒரு எண் உடையும்னா அதோட சின்ன துண்டு வர்க்கமூலத்தைத் தாண்டாது. 2147483647க்கு வர்க்கமூலம் 46340.95. அப்ப 46340 வரைக்கும் இருக்கிற பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுத்துப் பார்க்கணும், அது மொத்தம் 4792. பத்து இலக்க எண்ணை நாலு, அஞ்சு இலக்க எண்ணால கையால வகுக்க ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம்னு வச்சாலும் ராத்திரி பகலா ரெண்டு வாரத்துக்கு மேல ஓடும். ஆய்லர் அப்படிச் செய்யல. அவர் செஞ்சது என்னன்னா, வகுக்கவே தேவையில்லாததை எல்லாம் முதல்லயே கழிச்சுக் கட்டினது.

இதை 2047லயும் 23லயும் வச்சுப் பார்த்தா சட்டுனு பிடிபடும், எனக்கு அப்படித்தான் பிடிபட்டுச்சு. 1ல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டாப் பெருக்குங்க, 23ஐத் தாண்டினா 23ஆல வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கங்க. 1, 2, 4, 8, 16, அடுத்து 32, அதுல மீதி 9, அப்புறம் 18, 13, 3, 6, 12, அடுத்து 24, மீதி 1. ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தாச்சு. எண்ணிப் பாருங்க, சரியா 11 பேர். ஏன் 11னா, 23 வந்து 2^11 - 1ஐ வகுக்குது, அப்படின்னா 2^11ஐ 23ஆல வகுத்தா மீதி 1, அவ்வளவுதான். இப்ப இந்த வட்டத்துல வராத ஒருத்தரை, 5ஐ, எடுத்து அதே மாதிரி பெருக்குங்க: 5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14, திரும்ப 5. இதுவும் 11 பேர். முதல் வட்டத்துல இருக்கிற ஒருத்தர்கூட இதுல இல்ல. 1ல இருந்து 22 வரைக்கும் இருக்கிற எல்லா மீதியும் பதினொண்ணு பதினொண்ணா பந்தியில உட்கார்ந்த மாதிரி பிரிஞ்சுடுச்சு, யாரும் நிக்கல, யாரும் ரெண்டு பந்தியில உட்காரல. அப்ப 22, 11ஆல வகுபட்டே ஆகணும்.

இதே கணக்குதான் 31க்கும். 2^31 - 1ஐ வகுக்கிற பகா எண் ஒண்ணு இருந்தா, அதுல ஒண்ணைக் கழிச்சா வர்றது 31, 31ஆ பந்தி பிரியணும். அது ஒற்றைப்படை எண் வேற, அதனால ஒண்ணைக் கழிச்சா 62ஆல வகுபடணும். அப்ப வகுக்க வாய்ப்பு இருக்கிற எண் எல்லாம் 62ஓட மடங்குக்கு ஒண்ணு கூட. 63, 125, 187, 249ன்னு போகும். 3 வேணாம், 7 வேணாம், 13 வேணாம், வகுத்துப் பார்க்காமலே வேணாம்.

ஆய்லர் அதோட விடல. இன்னொரு சல்லடையும் போட்டார், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 2^31க்கு மீதி 1னா 2^32க்கு மீதி 2. 2^32ன்னா 65536 × 65536. அப்ப அந்த வகுத்தியோட உலகத்துல (அதால வகுத்து மீதியை மட்டும் பார்க்கிற உலகம்) 2ங்கிறது ஒரு வர்க்க எண், அதோட வர்க்கமூலம் 65536, முழு எண், புள்ளி வச்சு எதுவும் இல்ல. 2 வர்க்கமா இருக்கிறது எல்லா பகா எண்ணுக்கும் நடக்காது, 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 வர்ற பகா எண்ணுல மட்டும்தான் நடக்கும். 2047ஐ வகுக்கிற 23ஐயும் 89ஐயும் சோதிச்சுப் பாருங்க, 23க்கு மீதி 7, 89க்கு மீதி 1. ரெண்டு சல்லடையையும் சேர்த்துப் போட்டா 62ஓட கணக்குல பாதி கீழ விழுந்துடும், 248ஓட மடங்குக்கு 1 கூட, இல்லன்னா 63 கூட, இந்த ரெண்டு வகைதான் மிச்சம். 46340 வரைக்கும் இந்த ரெண்டு வகையிலயும் மொத்தமே 373 எண், அதுலயும் பகு எண்ணைத் தள்ளினா 80ஐ ஒட்டித்தான் நிக்கும். 4792 எங்க, 80 எங்க.

80தானே, நாமளே பார்த்துடலாமேன்னு ஒரு விடுமுறை நாள்ல நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். கால்குலேட்டர் இல்லாமத்தான், ஆய்லருக்கு ஒரு மரியாதை. முதல்ல 63, அது பகு எண். 249, 83 × 3. 311, இதுதான் முதல் பகா எண். நேரா வகுக்காம இப்படிச் செஞ்சேன்: 2^8 = 256, 311க்கு 55 கம்மி, அதனால -55ன்னு வச்சுக்கலாம். 2^16ன்னா 55 × 55 = 3025, அதுல 311ஐ ஒம்பது தடவை கழிச்சா 226, அதாவது -85. 2^24ன்னா 55 × 85 = 4675, 311 × 15 = 4665, மீதி 10. இன்னும் ஏழு தடவை ரெண்டால பெருக்கணும், 1280, 311 × 4 = 1244, மீதி 36. அப்ப 2^31க்கு மீதி 36, நம்ம எண்ணுக்கு 35. பூஜ்யம் இல்ல. 311 வகுக்காது. ஒரு ஆளைத் தள்ளியாச்சு!

அடுத்தது 497, 7 × 71. 559, 13 × 43. இப்படி வரிசையா பகு எண்ணா வருது, 1241ஐப் பார்த்து பகா எண்ணுன்னு நம்பி முழுசா கணக்குப் போட்டுட்டு அப்புறம் பார்த்தா 17 × 73. 1303 வந்துச்சு, மீதி 226. 1489 வந்துச்சு, மீதி 199. அதுக்கப்புறம் 2047 வந்து நின்னப்ப சிரிச்சுட்டேன், 2^11 - 1தான் திரும்ப வந்து வரிசையில நிக்குது, அதுதான் உடைஞ்சதுன்னு தெரியுமே. சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஒரு நாலு இலக்க எண்ணுக்கு மீதி பூஜ்யம்னு வந்துச்சு. கை நடுங்கிடுச்சு. 250 வருஷமா உலகமே நம்பிட்டிருக்கு, ஆய்லர் தப்பு, நான் கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரு பத்து நிமிஷம் ராஜாவா இருந்தேன். அப்புறம் பார்த்தா கழித்தல்ல கடன் வாங்கினதைத் திருப்பிக் குடுக்க மறந்திருக்கேன். மூணாங்கிளாஸ் தப்பு.

ஆய்லரோட இந்த எண் நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறையா உலகத்தோட பெரிய பகா எண்ணுங்கிற பட்டத்தை வச்சிருந்துச்சு. இங்கிலாந்துல பீட்டர் பார்லோன்னு ஒரு கணிதர் 1811ல எழுதின புத்தகத்துல, இந்தப் பகா எண்ணுல இருந்து வர்ற நிறை எண்ணைப் பத்திச் சொல்றப்ப, இதைவிடப் பெரிசா ஒண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல, இதெல்லாம் வேடிக்கைக்குத்தானே ஒழிய பயன் ஒண்ணும் இல்லாததால யாரும் முயற்சியே பண்ண மாட்டாங்கங்கிற மாதிரி எழுதினார். நிறை எண்ணுன்னா தன்னைத் தவிர மத்த வகுத்தி எல்லாத்தையும் கூட்டினா தானே வர்ற எண், 6 மாதிரி, 28 மாதிரி. நம்ம ஆளை 2^30ஆல பெருக்கினா எட்டாவது நிறை எண் வரும், 2305843008139952128. பார்லோ பாவம். 1876ல லூக்காங்கிற கணிதர் 2^127 - 1 பகா எண்ணுன்னு காட்டினார், 39 இலக்கம். 1883ல பெர்வுஷின்னு ஒருத்தர் 2^61 - 1ஐக் காட்டினார், அது 2305843009213693951. அந்த நிறை எண்ணையும் இதையும் கொஞ்சம் பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் ஒம்பது இலக்கம் அப்படியே ஒண்ணு. வித்தியாசம் வெறும் 2^30 - 1. இதுக்கு மேல யாரும் போக மாட்டாங்கன்னு பார்லோ கோடு போட்ட இடத்துக்கு ஒட்டினாப்புல அடுத்த வீட்லயே ஒரு பகா எண் உட்கார்ந்திருந்துச்சு. (சரி, அடுத்த வீடுன்னா நூறு கோடிக்குக் கொஞ்சம் மேல தள்ளி. இந்த அளவுல அது அடுத்த வீடுதான்.)

பயன் இல்லன்னு சொன்னார்ல, அதுக்கு வர்றேன். ரேண்டம் நம்பர். கம்ப்யூட்டருக்கு நிஜமா குலுக்கிப் போடத் தெரியாது, ஒரு எண்ணுல இருந்து அடுத்த எண்ணை கணக்குப் போட்டு எடுத்து, பார்க்கிறவங்களுக்கு குலுக்கின மாதிரி காட்டும். 1969ல ஐபிஎம் சிஸ்டம் 360ங்கிற கம்ப்யூட்டருக்காக எழுதின ஒரு வழிமுறை இது: கையில இருக்கிற எண்ணை 16807ஆல பெருக்கு, 2147483647ஆல வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். 1988ல பார்க், மில்லர்னு ரெண்டு பேர் இதைத்தான் குறைந்தபட்சத் தரம்னு வைக்கணும், இதைவிட மட்டமானதை யாரும் வச்சுக்காதீங்கன்னு கட்டுரை எழுதினாங்க. இன்னைக்கும் சி பிளஸ் பிளஸ்ங்கிற புரோகிராம் மொழியில இந்த வழிமுறை உள்ளயே இருக்கு. ரகசியக் குறியீட்டு வேலைக்கெல்லாம் இது ஆகாது, அதைத் தெளிவா சொல்லிடறேன், ஒரு எண்ணைப் பார்த்தா அடுத்தது என்னன்னு யாரு வேணா சொல்லிடலாம்.

16807ன்னா என்ன? 7^5. 7ஐ எதுக்குப் பிடிச்சாங்க? பந்திக் கதையை ஞாபகம் வச்சுக்கங்க. 2147483647ஓட உலகத்துல 1ல இருந்து 2 ரெண்டாப் பெருக்கிட்டே போனா 31 பேரோட பந்தி முடிஞ்சுடும், 1, 2, 4ன்னு போய் 2^30, அடுத்தது 2^31, அதுக்கு மீதி 1. முப்பத்தோரு அடி நடந்து வீட்டுக்கு வந்தாச்சு. ஆனா 7ஆல பெருக்கிட்டுப் போனா அந்த நடை நிக்கவே நிக்காது, 1ல இருந்து 2147483646 வரைக்கும் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வரும். ஒரே பந்தி, 214 கோடிச் சொச்சம் பேர். இந்தக் குணம் இருக்கிற எண்கள்ல மிகச் சின்னது 7தான், 2, 3, 4, 5, 6 எதுக்கும் இது வராது. 7^5க்கும் அதே குணம் ஒட்டிக்கிட்டு வருது, ஏன்னா 2147483646ஐ உடைச்சா 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331, அதுல 5 இல்ல. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. 7 இப்படி 2147483646 பேரையும் சுத்தி வருதுன்னு காட்டிட்டாலே நம்ம எண் பகா எண்ணுன்னு நிரூபிச்ச மாதிரிதான், ஏன்னா எங்கயாவது ஒரு வகுத்தி ஒளிஞ்சிருந்தா அதோட மடங்கு எல்லாம் இந்த நடையில கால் வைக்கவே முடியாது, அவ்வளவு பேர் தேற மாட்டாங்க.

அது மட்டும் இல்ல, இந்த எண்ணால வகுத்து மீதி எடுக்க வகுக்கவே வேணாம். ஒம்பதால வகுபடுமான்னு பார்க்க இலக்கத்தைக் கூட்டிப் பார்ப்போமே, அது ஏன் வேலை செய்யுது? 10க்கும் 9க்கும் ஒண்ணுதான் வித்தியாசம், அதனால பத்தா இருந்தாலும் நூறா இருந்தாலும் ஒண்ணுன்னு எண்ணிக்கலாம். இங்கயும் அதே கதை, 2^31ஐ ஒண்ணுன்னு எண்ணிக்கலாம். 1ல ஆரம்பிச்சா முதல் எண் 16807. அடுத்தது 282475249. அதைத் திரும்ப 16807ஆல பெருக்கினா 4747561509943. இதுல 2^31 எத்தனை தடவை இருக்கு? 2210 தடவை, போக 1622647863. ரெண்டையும் கூட்டிடுங்க, 1622650073. அவ்வளவுதான், அடுத்த ரேண்டம் எண் கையில. கம்ப்யூட்டருக்கு இது மேல இருக்கிற பிட்டையும் கீழ இருக்கிற பிட்டையும் வெட்டிக் கூட்டுற வேலை, வகுத்தலைவிட ரொம்ப மலிவு. எழுதினது சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு பரீட்சையும் உண்டு: 1ல ஆரம்பிச்சு பத்தாயிரம் தடவை சுத்தினா 1043618065 வரணும். நான் எழுதினப்ப முதல் தடவை வரல. காரணத்தைக் கேட்காதீங்க, ஃபோன் நம்பர் கதைதான், நடுவுல ஒரு பெருக்கலை 32 பிட் இன்ட்ல வச்சிருந்தேன்.

லூக்கா பகா எண்ணான்னு சோதிச்ச முறையைப் பத்தி ஒரு வார்த்தை. அவர் ஆரம்பிச்சதை லெமர்னு இன்னொரு கணிதர் 1930கள்ல சீர்படுத்தினார். 4ல ஆரம்பிங்க, வர்க்கம் எடுத்து 2ஐக் கழிங்க, நம்ம எண்ணால வகுத்து மீதி எடுங்க, திரும்ப அதே. 4, 14, 194, 37634, 1416317954, அடுத்தது நம்ம எண்ணைத் தாண்டிடும், மீதி 669670838. இப்படி மொத்தம் 29 தடவை. கடைசியில பூஜ்யம் வந்தா பகா எண், வரலைன்னா இல்ல. 80 வகுத்தலும் வேணாம். பூஜ்யத்துக்கு முந்தின எண் என்னவா இருக்கும்னு யோசிச்சா ஒரு சுவாரஸ்யம். வர்க்கம் எடுத்து 2ஐக் கழிச்சா பூஜ்யம் வரணும்னா அதோட வர்க்கத்துக்கு மீதி 2ஆ இருக்கணும். அப்ப அது 65536, இல்லன்னா அதோட மைனஸ். ஆய்லரோட சல்லடையில வந்த அதே 65536. நூறு வருஷ இடைவெளியில ரெண்டு பேர் ரெண்டு பக்கத்துல இருந்து வந்து ஒரே கதவைத் தட்டியிருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் மெர்சென் வகை எண்ணை முடிவா உறுதி பண்ண இந்த முறைதான். 2024 அக்டோபர்ல அறிவிச்ச 2^136279841 - 1க்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல இலக்கம், அதையும் வர்க்கம் எடுத்து 2ஐக் கழிச்சுத்தான் உறுதி பண்ணாங்க.

அதைவிடப் பெரிசா ஒண்ணு என் நோட்டுல இருக்கு. 31ஏ ஒரு மெர்சென் எண், 2^5 - 1. அப்ப நம்ம எண்ணையே அடுக்கா வச்சா? 2^2147483647 - 1. எழுதினா 64 கோடிக்கு மேல இலக்கம் வரும். அது பகா எண்ணா? இல்ல. 295257526626031 அதை வகுக்கும். இந்த எண்ணைப் பார்த்ததும் பந்தி ஞாபகம் வந்து ஒண்ணைக் கழிச்சு 2147483647ஆல வகுத்தேன். 137490, மீதி இல்லாம! இரட்டைப்படை வேற. 23க்கும் 11க்கும் நடந்ததுதான் இங்கயும், பந்தியில ஆள்தான் கூட.

என் 80 கணக்கு இன்னும் முழுசா முடியல. நடுவுல ஒரு இருபது பாக்கி இருக்கு, எப்பவாவது கரண்ட் போனா ரெண்டு மூணு போடுவேன். ஆனா கடைசி ஒண்ணை மட்டும் பொறுக்க முடியாம முன்னாடியே போட்டுட்டேன். 46191, 3ஆல வகுபடும். 46129ஐ பகா எண்ணுன்னு நினைச்சு ரொம்ப நேரம் போராடினேன், 163 × 283. அதுக்குக் கீழ 45943, இது நிஜமாவே பகா எண், வரிசையில கடைசி ஆள். ஈவு 46742, மீதி 15941.